மூட்டைக்கு ஒரு கைப்பிடி

இயந்திரத்துக்கு நெற்றி கிடையாது என்று மாசிலாமணி அண்ணனிடம் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவர் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்தில் உள்ள சகலத்துக்கும் ஒரு நெற்றியைக் கண்டுபிடித்துத் திருநீற்றுப் பட்டை போட்டுவிடுவார். உலைக்கு, தராசுக்கு, கம்ப்யூட்டருக்கு, தீயணைக்கும் குடுவைக்கு, கழிவறை மோட்டாருக்கு. 2041-ஆம் வருடம் என் மூக்குக் கண்ணாடிக்கும் பட்டை விழுந்தது. கழற்றி மேசைமேல் வைத்தது என் தப்பு.

என் பெயர் தமயந்தி. வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். கோயமுத்தூர் குறிச்சி தொழிற்பேட்டையில், இரண்டு ஃபவுண்டரிகளுக்கு நடுவே, 'துவாரம் லேப்ஸ்' என்று ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறேன். மொத்த ஊழியர்கள் இருவர். யோசிப்பது நான், மற்ற எல்லா வேலையும் மாசிலாமணி அண்ணன்.

நாங்கள் செய்வது செங்கல் அளவில் ஒரு கட்டி. பார்த்தால் ரஸ்க் மாதிரி இருக்கும். உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அதைப் புகைபோக்கிக்குள் அடுக்கிவிட்டால், மேலே போகிற கரியமில வாயுவைத் துளைகள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் சூடு காட்டினால் விட்டுவிட வேண்டும். நூற்றுக்கு அறுபது பங்காவது பிடிக்காத புகைபோக்கியை அடுத்த தை ஒன்றாம் தேதி முதல் சீல் வைக்கப் போவதாக அரசின் கரி வாரியம் அறிவித்திருந்தது. பெரிய கம்பெனிகள் வெளிநாட்டுக் கருவியை வாங்கிப் பொருத்திவிட்டன. எங்கள் பேட்டையின் முந்நூறு சின்ன ஃபவுண்டரிகளும் என்னை நம்பி இருந்தன.

என் கட்டி நூற்றுக்குப் பதினொன்று பிடித்தது. பத்து வருடமாக அதே பதினொன்று.

அடுத்த தெருவில் ஒரு பித்தளை ஃபவுண்டரியில் அச்சு மண் இடிக்கிறவர் பூவாத்தா, மாசிலாமணி அண்ணனின் மனைவி. தினமும் காலையில் அவரை ஃபவுண்டரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் அண்ணன் லேபுக்கு வருவார். வந்ததும் ஒரே கேள்வி கேட்பார்.

"இன்னைக்கு எத்தனைங்க மேடம்?"

"பதினொண்ணுங்ணா."

"சரிங்க" என்று துடைப்பத்தை எடுத்துக்கொள்வார். அந்தச் 'சரிங்க' என்னை எந்தத் திட்டையும்விட அதிகமாக வதைத்தது.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த அன்று, மேசைமேல் தனியாகக் கிடந்த ஒன்பதாம் எண் கட்டியைச் சூளையில் சுட்டு, சோதனைக் குழாயில் மாட்டினேன். எழுபத்து நான்கு காட்டியது.

மீட்டர் கெட்டுவிட்டது என்று அதைத் தட்டினேன். எழுபத்து நான்கு. வேறு மீட்டர் வைத்தேன். எழுபத்து நான்கு. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்புறம் அதே கணக்கில், அதே சூட்டில், அதே கையால் இருபது கட்டிகள் செய்தேன். இருபதும் பதினொன்று. நான் செய்த ஒன்றைத் திரும்பச் செய்ய எனக்கே தெரியவில்லை. ஒரு விஞ்ஞானிக்கு இதைவிட அசிங்கம் வேறு கிடையாது.

ஐப்பசி முழுக்க இப்படியே போனது. கார்த்திகையில் வேறு வழியில்லாமல் அந்த ஒன்பதாம் கட்டியை எடுத்துப் பல்கலைக்கழகத்தின் பெரிய நுண்ணோக்கியில் வைத்தேன். எந்த இடத்தில் என்ன உலோகம் இருக்கிறது என்று வண்ணத்தில் படம் போட்டுக் காட்டும் கருவி அது. திரையில் மெதுவாகப் படம் விரிந்தது. மூன்று கோடுகள். படுக்கை வாட்டில், ஒரே இடைவெளியில், மூன்று விரல் அகலத்துக்கு.

நேராக லேபுக்குத் திரும்பினேன்.

"ஏங்ணா, ஆயுத பூஜையன்னைக்கு இந்தக் கட்டியை என்ன பண்ணுனீங்க?"

அவர் துடைப்பத்தைப் பார்த்தார். "திட்டக் கூடாதுங்க."

"திட்டலை. சொல்லுங்க."

"மத்த எட்டும் மிஷினுக்குள்ள இருந்துச்சுங்க. இது மட்டும் மேசை மேல தனியா உக்காந்திருந்துச்சு. எல்லாத்துக்கும் பட்டை போட்டுட்டு இதை மட்டும் எப்படிங்க உடறது? பாவமா இருந்துச்சு."

"பட்டை மட்டும்தானா?"

"குழைச்ச திருநீத்துத் தண்ணி ஒரு சொம்பு மிச்சமிருந்துச்சுங்க. அதைக் கீழ ஊத்துனா கால் மிதிபடுமுங்களே. அதனால இது மேலயே ஊத்திட்டேன். மடக்கு மடக்குன்னு குடிச்சுருச்சுங்க."

அவரைக் கட்டிப்பிடிப்பதா, கழுத்தை நெரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் திருநீறு வாங்க அனுப்பினேன்.

பன்னிரண்டு வகைத் திருநீறு வந்தது. கோயில் திருநீறு, கோசாலைத் திருநீறு, மடத்துத் திருநீறு. நாட்டு மாட்டுச் சாணத்தில் சுத்தமாகச் சுட்டவை. எல்லாம் பதினொன்று, பதினொன்றரை. கடைசியில் அவர் பூஜைக்கு வாங்கிய அதே பாக்கெட், 'சிவமணம் சுத்தப் பசுஞ்சாணத் திருநீறு', எழுபதைத் தாண்டியது. அதிலும் ஒரு பாக்கெட் எழுபத்தைந்து, இன்னொன்று நாற்பது. பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறி மாறி வந்தது.

பொடியைக் கருவியில் வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு. துத்தநாகம். துளி ஈயம். கொஞ்சம் பொட்டாசியம், ஏதோ உமிச் சாம்பல் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மல்லிகை சென்ட். பசுவுக்கும் இந்தப் பொடிக்கும் பெரிய உறவு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

"அப்ப இது கலப்படமுங்களா?" என்றார் மாசிலாமணி அண்ணன்.

"கலப்படம்னா கொஞ்சமாவது அசல் இருக்கணும்ங்ணா."

"என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சுல்லீங்க. நாமளே செஞ்சுக்கலாமுங்களே."

"சாம்பார்ல பருப்பும் புளியும் இருக்குன்னு தெரிஞ்சா சாம்பார் வந்துருமா? எதை முதல்ல போட்டான், எவ்வளவு நேரம் எரிச்சான்னு செஞ்சவன்தான் சொல்லணும். அதுமில்லாம வாரியத்துப் படிவத்துல மூலப்பொருளைச் செஞ்சவர் கையெழுத்துப் போடணும். ஆளைப் புடிச்சே ஆகணும்."

மார்கழி பிறந்துவிட்டது. இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது.

நாங்கள் போன ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். முன்னால் கடையும் பின்னால் ஓட்டுக் கொட்டகையுமாக ஒரு வீடு. சிவமணம் அதிபர் குழந்தைவேலு கல்லாவில் இருந்தார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, மரியாதை சொட்டும் பேச்சு. நெற்றியில் மூன்று பட்டை. அந்தப் பட்டை அவர் விற்கிற மாதிரி பளீரென்ற வெள்ளையில் இல்லை, மங்கலான சாம்பல் நிறம். மாசிலாமணி அண்ணன் என் முழங்கையை மெதுவாக இடித்தார். நானும் பார்த்துவிட்டேன்.

"வாங்க அம்மணி, உக்காருங்க. மொத்த வியாபாரமுங்களா?"

"உங்க திருநீறு எப்படிச் செய்றீங்கன்னு தெரிஞ்சுக்க வந்தோம்."

"சுத்தமான பசுஞ்சாணமுங்க. பாக்கெட்லயே போட்டிருக்குதுங்களே."

"அதுல துத்தநாகம் இருக்குங்க."

"மாடு என்னத்தையாவது மேஞ்சிருக்குமுங்க."

கோபத்தை விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். "நான் ஒரு கட்டி செஞ்சிருக்கேன். ஒரு ஸ்பூன் பொடிக்குள்ள ஒரு கிரிக்கெட் மைதானத்தை மடிச்சு வெச்ச மாதிரி, அத்தனை இடம் உள்ள இருக்கு. புகை வந்து உக்கார்றதுக்கு."

"வந்து உக்காருதுங்களா?"

"அதுதான் இல்லை. மண்டபத்தைப் பெருசா கட்டிட்டேன். வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வெக்க ஆளில்லை. புகை அது பாட்டுக்கு வெளிய போயிருது. உங்க பொடி போட்டா அந்த ஆள் வேலையை அது பாக்குது. தான் கரையாம, தீராம, நாள் முழுக்க வாசல்ல நின்னு கூப்பிடுது."

தன் பொடியைப் பற்றி யாரும் இவ்வளவு உயர்வாகப் பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது.

"ஆனா சுத்தப் பசுஞ்சாணமுங்க."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்றதுக்கு என்னங்க இருக்குது?"

இப்படியே இரண்டு காபி ஆனது. கடைசியில் வழி கண்டுபிடித்தவர் மாசிலாமணி அண்ணன்தான். "ஏனுங்க, ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். எங்கயோ ஒரு அயோக்கியன் திருநீத்துல கலப்படம் பண்றானுங்க. அவன் எப்படிப் பண்ணுவான்?"

குழந்தைவேலு கதவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஒரு பேச்சுக்குத்தானுங்களே?"

"ஒரு பேச்சுக்குத்தானுங்க."

"அந்த அயோக்கியன்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார், "பித்தளை ஃபவுண்டரிக்குப் போவானுங்க. சிம்னிக்குள்ள வெள்ளையா தூசி படிஞ்சிருக்கும். அவங்க கூட்டி வெளிய கொட்டறதை மூட்டை கட்டிட்டு வருவான். நாலு பங்கு சுண்ணாம்புக்கல் மாவு, ஒரு பங்கு தூசி. ரெண்டையும் தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு, உருண்டை புடிச்சு வெயில்ல காய வெப்பான். அப்பறம் உமி மூடி ரெண்டு நாள் சுடுவான். தீ எரியவே கூடாதுங்க அம்மணி. எரிஞ்சா மஞ்சப் பாஞ்சுரும். உள்ளுக்குள்ள கனகனன்னு இருக்கோணும், அவ்வளவுதான். மூணாம் நாள் எடுத்து அரைச்சு, துணியில மூணு தடவை சலிப்பான். ரெண்டு தடவை சலிச்சா போதும்னு சொல்றவன் இருக்கறானுங்க. அவனெல்லாம் தொழிலுக்கே லாயக்கில்லை."

"அயோக்கியன் நெம்பப் பொறுமைசாலியா இருப்பான் போல" என்றார் மாசிலாமணி அண்ணன்.

"நெம்பப் பொறுமைங்க" என்று அவர் பெருமையோடு ஒப்புக்கொண்டார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் ஆள் வாயை மூடிக்கொள்வார் என்று பயம். வேனில் திரும்பி வருகிறபோது மாசிலாமணி அண்ணன் சிவமணம் பாக்கெட் ஒன்றை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். செட்டிபாளையம் தாண்டியதும் சொன்னார்.

"பூவாத்தா தினம் காலைல இதுல ஒரு சிட்டிகை நாக்குல போட்டுக்கிட்டுத்தானுங்க வேலைக்குக் கிளம்புவா. அவ ஃபவுண்டரிச் சிம்னித் தூசியாட்ட இருக்குதுங்க அது."

அதில் துளி ஈயமும் இருக்கிறது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஈயம் என்று கருவியில் பார்த்த அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். என் கட்டியைத் தவிர வேறு நினைப்பே எனக்கு வரவில்லை. அந்த இரவு முழுக்க அது என்னை உறுத்தியது.

அயோக்கியனின் முறைப்படியே செய்தோம். அதே தூசி, அதே உமி, மூன்று சலிப்பு. சோதனைக் குழாயில் மாட்டினேன். பன்னிரண்டு வந்தது. என் பத்து வருடப் படிப்புக்கும் ஓர் அயோக்கியனின் தொழில் ரகசியத்துக்கும் இடையில் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம்.

தை பிறக்க ஒன்பது நாள். மறுபடி வேனை எடுத்தோம்.

"அந்த அயோக்கியன் எதையோ மறைக்கிறானுங்க" என்றேன், உட்காராமலே.

"ஒண்ணையும் மறைக்கலீங்க அம்மணி. சத்தியமா அவ்வளவுதானுங்க."

"பன்னெண்டுதான் வருது. உங்க பாக்கெட்ல எழுபது வருது. வேற என்னமோ சேருது."

அவர் வாயைத் திறந்து மூடினார். சொல்ல வந்ததை விழுங்குவது நன்றாகவே தெரிந்தது. கெட்ட காரியம் அத்தனையையும் கொட்டிவிட்ட மனிதர் இன்னும் எதற்குக் கூச்சப்படுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்போது மாசிலாமணி அண்ணன் முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க, எங்கூட்டுல சம்சாரம் தினம் ஒரு சிட்டிகை உங்க திருநீறு வாயில போட்டுக்கிட்டிருந்தாங்க. பதினாலு வருசமா. அதுல ஈயம் இருக்குதாம். நீங்க ஏன் உங்க நெத்தியில அதைப் பூசறதில்லீங்க?"

குழந்தைவேலுவின் கை தானாக நெற்றிக்குப் போனது. பிறகு எழுந்து எங்களைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு சின்ன மண்பானை. மூடியைத் திறந்தார். உள்ளே மங்கலான சாம்பல் நிறத்தில் திருநீறு.

"இது நெசமான பசுஞ்சாணமுங்க. என்ற கையால சுட்டது. எனக்கு மட்டும் வெச்சிருக்கறேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒவ்வொரு மூட்டைக்கும் இதுல இருந்து ஒரு கைப்பிடி போடுவேனுங்க. பாக்கெட்ல பசுஞ்சாணம்னு அச்சடிச்சிருக்கறேன். முழுப்பொய்யா இருக்க வேண்டாம்னுதான். இருபத்திரண்டு வருசத்துல ஒரு மூட்டைக்கும் அதைப் போடாம உட்டதில்லை."

அவர் 'அந்த அயோக்கியன்' என்று சொல்லவில்லை. 'போடுவேன்' என்றார். அந்த ஒரு கைப்பிடியைத் தன்னுடையது என்று சொல்ல வேண்டுமானால் மீதி மூட்டையையும் தன்னுடையது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் மென்று விழுங்கியிருக்கிறார்.

"இதை ஏனுங்க அன்னைக்கே சொல்லலை?"

"இது ஒரு பெரிய சமாச்சாரமுங்களா? ஒரு கைப்பிடிங்க."

அதுதான் பெரிய சமாச்சாரம். சாணச் சாம்பலில் உள்ள பொட்டாசியம், உமியின் மிச்சம் என்று நான் ஒதுக்கிய அதே பொட்டாசியம், அந்தத் தூசியோடும் சுண்ணாம்போடும் சேர்ந்தால்தான் வாசலில் நின்று கூப்பிடுகிற வேலை நடக்கிறது. கோயில் திருநீறு தனியாக ஒன்றும் செய்யவில்லை. அயோக்கியனின் மாவும் தனியாக ஒன்றும் செய்யவில்லை. கைப்பிடி எங்கே நன்றாகக் கலந்ததோ அந்தப் பாக்கெட் எழுபத்தைந்து, எங்கே கலக்கவில்லையோ அது நாற்பது. அங்கேயே ஒரு மூட்டை கலந்து எடுத்து வந்து செய்தோம். எழுபத்தெட்டு.

"எத்தனைங்க மேடம்?" என்றார் மாசிலாமணி அண்ணன். சொன்னேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் அடுத்த தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் கையெழுத்து பாக்கியிருந்தது. போட்டால் என்ன ஆகும் என்று நான் குழந்தைவேலுவிடம் மறைக்காமல் சொன்னேன். பேர் போகும். கேஸ் வரும். கடை இருக்காது. போடாவிட்டால் முந்நூறு ஃபவுண்டரிக்கும் பூட்டு. எதுவாக இருந்தாலும் இனிமேல் ஒரு பாக்கெட் வெள்ளைத் திருநீறு வெளியே போகக் கூடாது, போனால் நானே போலீசுக்குப் போவேன் என்றும் சொன்னேன். இதை முதல் தடவையே சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். மூன்றாம் நாள், கரி வாரிய அலுவலகத்தில் எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி படிவத்தை நீட்டினார். பொருளைச் செய்தவர் பெயர் என்ற இடத்தில் 'ப. குழந்தைவேலு' என்று எழுதினார். அடுத்த கட்டம்: 'இப்பொருள் இதற்கு முன் எதற்குப் பயன்பட்டது?' பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'நெற்றிக்கு' என்று எழுதி, யோசித்து, பக்கத்தில் 'நாக்குக்கும்' என்று சேர்த்தார்.

அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். அவர் நெற்றியில் பால் வெள்ளையில் மூன்று பட்டை இருந்தது. கைக்குட்டையை எடுத்து, எங்களைப் பார்க்காமல், மெதுவாகத் துடைத்துக்கொண்டார். பிறகு முத்திரை குத்தினார்.

மிச்சமிருந்த நாட்களில் பேட்டையே சேர்ந்து இரவு பகலாகக் கட்டி செய்து அடுக்கியது. தை ஒன்றாம் தேதி பேட்டையில் ஒரு புகைபோக்கிக்கும் சீல் விழவில்லை. பூவாத்தா வழக்கம்போல வேலைக்குப் போனார், நாக்கில் எதுவும் போடாமல். ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் இருக்கிறது, குறைந்துகொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னார். குழந்தைவேலுவின் படம் பேப்பரில் வந்தது, நல்ல விதமாக இல்லை. கடைக்காரர்கள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது, மாதம் ஒருமுறை கோர்ட்டுக்குப் போய் வருகிறார். கொட்டகையில் எங்கள் கட்டிக்கான பொடியைச் செய்கிறார், 'நெற்றிக்கல்ல' என்று மூட்டை மேல் சிவப்பில் எழுதி. முன்கடையில் மண்பானைத் திருநீற்றை மட்டும் விற்கிறார். அசல், சாம்பல் நிறம்.

இந்த வருட ஆயுத பூஜைக்குத் திருநீறு வாங்க நாங்களே அங்கே போனோம். ஓர் அம்மாள் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

"என்னங்க இது, அடுப்புச் சாம்பலாட்டம் இருக்குது? முன்னெல்லாம் பால் மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கும், வாசமா இருக்கும். ஒரிஜினல் இல்லீங்களா?"

"இதுதானுங்க ஒரிஜினல். சுத்தமான பசுஞ்சாணமுங்க. சத்தியமா."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க" என்று காசை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

குழந்தைவேலு திரும்பி வந்த பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இருபத்திரண்டு வருசம் பொய் சொன்னேனுங்க. ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்ப நெசத்தைச் சொல்றேன், சத்தியம் பண்ணச் சொல்றாங்க."

மாசிலாமணி அண்ணன் இரண்டு பாக்கெட் கேட்டார், ஒன்று இயந்திரங்களுக்கு, ஒன்று பூவாத்தாவுக்கு. குழந்தைவேலு எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுக்கி வைத்திருந்த சாம்பல் நிறப் பாக்கெட்டுகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க. மூட்டைக்கு ஒரே ஒரு கைப்பிடி, சும்மா வெள்ளைக்கு, சுண்ணாம்பு மாவு..."

"வேண்டாம்" என்றேன்.

"ஒரு பேச்சுக்குத்தானுங்க" என்றார்.